இருக்கும்போதே வாழ்த்துங்கள்

தைப் பொங்கல் சமயத்தில் எங்கள் லோயர் கேம்ப் பக்கம் வந்து பாருங்கள். கூடலூர், கம்பம், உத்தமபாளையம் என்று பள்ளத்தாக்கின் பல ஊர்களிலிருந்தும் விவசாயிகள் பென்னிகுக் மணிமண்டபத்துக்கு வருவார்கள். பெண்கள் வரிசையாகப் பானை வைத்துப் பொங்கலிட்டுக் குலவை போடுவார்கள். 1841 ஜனவரி 15-ல் பிறந்த ஒரு வெள்ளைக்காரப் பொறியாளருக்குப் பிறந்த நாள் பொங்கல். "அந்த மகராசன் இல்லாட்டி நமக்கு ஏது சோறு?" என்று பாட்டிமார் பேரப்பிள்ளைகளிடம் சொல்வது காதில் விழும். மணிமண்டபம் திறந்தது 2013-ல்தான். அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே வீட்டுச் சுவரிலும் டீக்கடையிலும் அவர் படம் தொங்குகிறது. பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்த குடும்பங்களும் உண்டு.

மேற்கே ஓடி அரபிக் கடலில் கலந்த தண்ணீரைத் தடுத்து, ஒரு மைலுக்கு மேல் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய வேலை அவருடையது. முல்லைப் பெரியாறு அணை 1895-ல் திறக்கப்பட்டது. அந்தத் தண்ணீர்தான் மலையிலிருந்து நான்கு ராட்சதக் குழாய்களில் இறங்கி, நான் உத்தியோகம் பார்த்த மின்நிலையத்தைச் சுற்றவிட்டு, லோயர் கேம்ப் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோகம் விளைவிக்கிறது. வாழ்த்துவதற்குக் காரணம் இருக்கிறது. நன்றி மறக்காத ஜனம் நாம்.

ஆனாலும் பிள்ளைகளே, என்னை ஒரு விஷயம் உறுத்துகிறது. பென்னிகுக் 1911-லேயே கண்ணை மூடிவிட்டார். நம் குலவை எதுவும் அவர் காதில் விழவில்லை. அதே அணை வேலையில் மலேரியாவிலும் காலராவிலும் செத்துப்போன கூலியாட்களின் பெயர் நம்மில் ஒருவருக்கும் தெரியாது. அது பழைய கதை, போகட்டும். இன்றைக்கு நடு ராத்திரியில் மதகுக்குப் போகிற பணியாளர், மழையில் மின்கம்பம் ஏறுகிற லைன்மேன், விடியுமுன் ஜீப்பில் ஏறி மலைக்குப் போகிற ஏலக்காய்த் தோட்டத்து அம்மா, இவர்களில் யாரையாவது நிறுத்தி "நீங்க நல்லா இருக்கணும்" என்று எப்போதாவது சொல்லியிருக்கிறோமா?

செத்தவரை வாழ்த்த நமக்கு நன்றாகத் தெரியும். துக்க வீட்டு மைக்கில் பேச ஆள் குறைவதே இல்லை. இருப்பவரை அவர் முகத்துக்கு நேரே ஆசீர்வதிக்கத்தான் வாய் வருவதில்லை. கிறிஸ்தவ வாழ்க்கையில் எனக்கு முக்கியமாகப் பட்ட பாடம் இதுதான். அதை உங்களிடம் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

வயலுக்கு வந்த முதலாளி

ரூத்தின் புத்தகம் சின்னது, நான்கே அதிகாரம். ஒரு மத்தியானத்தில் இரண்டு முறை வாசித்துவிடலாம். அதில் பெத்லகேமில் வாற்கோதுமை அறுப்பு நடக்கிறது. நிலத்துக்காரன் போவாஸ் ஊரிலிருந்து வயலுக்கு வருகிறான். நம் ஊரில் முதலாளி களத்துக்கு வந்தால் முதலில் என்ன கேட்பார் என்று உங்களுக்குத் தெரியும். எத்தனை கட்டு ஆச்சு, இன்னைக்கு யார் வரல, ஏன் இன்னும் அந்த வரப்புப் பக்கம் நிக்குது? போவாஸ் அப்படி எதுவும் கேட்டதாக எழுதவில்லை. வந்ததும் அறுக்கிறவர்களோடு கர்த்தர் இருக்கும்படி வாழ்த்துகிறான். அவர்களும் குனிந்தபடியே நின்றுவிடாமல், கர்த்தர் அவனை ஆசீர்வதிக்கும்படி பதில் வாழ்த்துச் சொல்கிறார்கள். அப்புறம்தான் கண்காணியோடு பேச்சு.

இது ஆலயத்தில் நடக்கவில்லை. ஆசாரியனும் இல்லை. வெயிலில், அரிவாளோடு நிற்கிறவர்களுக்கு நடுவில் நடந்தது. அறுக்கிறவர்களைப் பார்த்தால் வழிப்போக்கனும் வாழ்த்திவிட்டுப் போவது அந்த நாட்டு வழக்கம் என்று 129-ம் சங்கீதத்திலிருந்து தெரிகிறது. ஆசீர்வாதம் என்றால் ஞாயிற்றுக்கிழமை ஐயர் கையை உயர்த்திச் சொல்வது மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த நேரத்தில்கூடப் பாதிப் பேர் வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருப்போம்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் ஷிப்டில் ஒரு ஃபோர்மேன் இருந்தார். நாசரேத் பக்கத்து ஆள், கொஞ்சம் கறார். ராத்திரி ஷிப்டு முடிந்து பொறுப்பை ஒப்படைக்கும்போது லாக் புத்தகத்தில் எழுத வேண்டியதை எழுதி, பேரிங் சூடு எவ்வளவு, எந்த மெஷினில் சத்தம் வித்தியாசமாக இருக்கிறது என்று ஒன்று விடாமல் சொல்வார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்துக்கொண்டே, வந்து நிற்கிற ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, பெயர் சொல்லி, "ஆண்டவர் துணை இருப்பாரு, பார்த்து வேலை பாருங்க" என்பார். ராவுத்தர் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும், மாலை போட்ட சாமியாக இருந்தாலும் அதே வார்த்தைதான். அவர் மதம் பரப்புகிறார் என்று யாரும் முகம் சுளித்ததில்லை. ஒருநாள் அவர் காய்ச்சலில் வராமல் போனபோது, மாலை போட்டிருந்த அந்தத் தம்பியே கிளம்பும்போது, "இன்னைக்கு ஒண்ணு குறையுதேண்ணே" என்றான். எல்லோருக்கும் புரிந்தது.

இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவனுக்குப் பயம் உண்டு. அதை யாரும் வெளியே சொல்ல மாட்டோம். "நீ பத்திரமாக வீடு திரும்ப வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன், அதை ஆண்டவரிடமும் சொல்லிவிட்டேன்" என்று ஒருவர் சொல்லிப் போவது எவ்வளவு பெரிய தைரியம் என்று அந்த இடத்தில் நின்றால்தான் விளங்கும்.

ஏசாவின் அழுகை

வீட்டுக்கு வருவோம். ஈசாக்கின் கதையை ஞாயிறு பள்ளியில் கேட்டிருப்பீர்கள். கண் மங்கிய தகப்பன். தம்பி யாக்கோபு அண்ணன்போல வேஷம் போட்டு ஆசீர்வாதத்தை வாங்கிக்கொண்டு போய்விடுகிறான். தாய் ரெபேக்காள் உடந்தை. நாமும் யாக்கோபின் தந்திரத்தைப் பற்றியே பேசிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நான் வயதாக ஆக, அந்த அதிகாரத்தில் ஏசா நிற்கிற இடத்தைத்தான் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன்.

வேட்டைக்குப் போய் வந்த முரட்டு ஆள் அவன். காட்டையும் மிருகத்தையும் கண்டு பயப்படாதவன். தகப்பன் முன்னால் நின்று சத்தம் போட்டு அழுகிறான். உங்களிடம் ஒரே ஒரு ஆசீர்வாதம்தானா இருந்தது, எனக்கென்று ஒன்றும் மிச்சம் வைக்கவில்லையா என்று கேட்கிறான். நிலமோ ஆடோ அவன் வாயில் வரவில்லை. அப்பா வாயிலிருந்து தனக்கும் ஒரு நல்ல வார்த்தை கேட்டு நிற்கிறான்.

இந்தக் காட்சி நம் தெருவிலும் நடக்கிறது. ஒரு வீட்டில் இரண்டு பையன்கள். ஒருத்தன் படித்துச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்விட்டான். இன்னொருத்தன் திராட்சைத் தோட்டத்தில் மருந்தடித்துக்கொண்டு, அம்மாவுக்குக் கால் வலி வந்தால் கம்பம் ஆஸ்பத்திரிக்கு வண்டியில் கூட்டிப் போகிறான். வந்த விருந்தாளியிடம் அப்பா சொல்வது யாரைப் பற்றி? படித்தவனைப் பற்றி. "பெரியவனுக்கு ஆண்டவர் கிருபை, சின்னவன் கிடக்கான்." அந்தச் சின்னவன் தண்ணீர்ச் செம்போடு கதவுக்குப் பின்னால் நிற்பான். ஏசாவுக்காவது அழ முடிந்தது. இவனால் அதுவும் முடியாது.

நாளைக்கு நீங்கள் தாயும் தகப்பனும் ஆகப் போகிறவர்கள். இதை இப்போதே மனதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "விளங்காதவனே", "உருப்பட மாட்ட", "உன்னைப் பெத்ததுக்கு" என்று கோபத்தில் கொட்டுகிற வார்த்தை, கோபம் தணிந்த பிறகும் பிள்ளைக்குள் இருந்துகொண்டே இருக்கும். பரீட்சையில் தோற்று வந்த அன்றைக்குத்தான் பிள்ளைக்கு ஆசீர்வாதம் வேண்டும். ஜெயித்து வந்தவனை ஊரே வாழ்த்தும். ராத்திரி படுக்கப்போகிற பிள்ளையின் தலையில் கை வைத்து, பெயர் சொல்லி, இரண்டு வாக்கியம் ஜெபியுங்கள். தேர்தலில் ஓட்டுக் கேட்கிற மாதிரி நீட்டி முழக்க வேண்டாம். இரண்டு பிள்ளைகள் இருந்தால் இரண்டு பேருக்கும். ஒரே வார்த்தையை இருவருக்கும் சொல்லாமல், அவனவனுக்குரியதை அவனவனுக்கு. கிழவனான யாக்கோபு சாகுமுன் தன் பன்னிரண்டு பிள்ளைகளையும் கூப்பிட்டு, ஒவ்வொருவனுக்கும் தனித்தனியாகப் பேசினான் என்று ஆதியாகமம் எழுதி வைத்திருக்கிறது. தகப்பன் வீட்டில் நடந்தது அவனுக்கு மறந்திருக்காது.

மதகுக்காரனுக்குத் தண்ணீர் சொந்தமில்லை

இங்கே ஒரு எச்சரிக்கை. ஆசீர்வாதம் நம் கைச்சரக்கு அல்ல. எண்ணாகமம் 6-ம் அதிகாரத்தில் ஆரோனும் அவன் மக்களும் ஜனங்களை எப்படி ஆசீர்வதிக்க வேண்டும் என்று கற்றுக் கொடுக்கப்படுகிறது. காவல், கிருபை, சமாதானம் என்று மூன்றே வாக்கியம். அது முடிந்ததும் கர்த்தர் ஒரு குறிப்பு வைக்கிறார். ஆசாரியர்கள் என் பெயரைச் சொல்லட்டும், ஆசீர்வதிப்பது நான் என்கிறார். நம் பக்கத்து ஆளுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். மதகைத் திறக்கிறவன் தண்ணீருக்குச் சொந்தக்காரன் இல்லை. திறக்காமல் விட்டால் குற்றம். திறந்ததற்குக் காசு கேட்டால் அதைவிடக் குற்றம்.

அந்த மூன்று வாக்கியங்களுக்கு ஒரு வரலாறு உண்டு. 1979-ல் எருசலேமின் பழைய நகரத்துக்கு வெளியே கேதேப் இன்னோம் என்ற இடத்தில், கபிரியேல் பார்க்காய் என்ற தொல்லியல் அறிஞரின் குழு பழைய கல்லறைக் குகைகளைத் தோண்டியது. அங்கே சுருட்டிய நிலையில் இரண்டு சின்ன வெள்ளித் தகடுகள் கிடைத்தன. நம் ஊர்த் தாயத்துக்குள் இருக்கும் தகடு அளவுதான். உடைந்துவிடாமல் பிரிப்பதற்கே வருடக் கணக்கில் ஆயிற்று. பிரித்துப் பார்த்தால், கீறிய எழுத்தில் இந்த ஆரோனின் ஆசீர்வாதம். சுமார் 2,600 வருடம் பழையது. வேதாகம வாசகம் எழுதிய பொருட்களில் இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழையது இதுதான். கட்டளையும் கிடைக்கவில்லை, யுத்தக் கதையும் கிடைக்கவில்லை. யாரோ ஒருவர் கழுத்தோடு கழுத்தாக வைத்திருந்த வாழ்த்து கிடைத்தது.

ஆனால் அதைத் தாயத்தாக ஆக்கிவிடாதீர்கள். விற்பனைக்கும் வைத்துவிடாதீர்கள். காணிக்கை இவ்வளவு போட்டால் ஆசீர்வாதம் இரட்டிப்பு என்று கணக்குப் பேசுகிற மேடைகள் இப்போது அதிகம். அப்படி எங்காவது கேட்டால், நாகமானின் கதையை வாசியுங்கள். குஷ்டம் தீர்ந்த சீரிய தளபதி வெள்ளியும் பொன்னும் நீட்டினான். எலிசா ஒரு காசு தொடவில்லை. வேலைக்காரன் கேயாசி பின்னாலேயே ஓடிப்போய், பொய் சொல்லி வாங்கிக்கொண்டான். அவனுக்கு என்ன மிஞ்சியது என்பதையும் அந்த அதிகாரத்திலேயே பாருங்கள்.

முகஸ்துதியும் ஆசீர்வாதம் ஆகாது. "அண்ணே, உங்களைப் போல உண்டா" என்பவனுக்கு அண்ணனிடம் ஏதோ காரியம் இருக்கிறது. ஆசீர்வதிக்கிறவனுக்கு எதிராளியிடம் எடுக்க ஒன்றும் கிடையாது. அவன் கொடுக்க வந்தவன். இந்த ஒன்றை வைத்தே இரண்டையும் பிரித்து அறிந்துகொள்ளலாம்.

வாய் போன இடத்துக்குக் கையும் போகவேண்டும்

மறுபடி போவாஸிடம் போகிறேன். கதிர் பொறுக்க வந்த ரூத் வேற்று நாட்டுக்காரி, கணவனை இழந்தவள், மாமியாரைக் காப்பாற்ற வெயிலில் நிற்கிறாள். போவாஸ் அவளையும் வாழ்த்துகிறான். இஸ்ரவேலின் தேவனுடைய சிறகின் நிழலைத் தேடி வந்தவளுக்கு நிறைவான பலன் கிடைக்கட்டும் என்கிறான். கேட்க அழகான வார்த்தை. அத்தோடு போயிருந்தால் அவன் நம்மில் ஒருவன். அவனோ சாப்பாட்டு வேளையில் அவளையும் அழைத்து வறுத்த கோதுமை கொடுத்தான். கட்டுகளிலிருந்து வேண்டுமென்றே சில கதிர்களை உருவிப் போடச் சொல்லி ஆட்களிடம் சொன்னான். கடைசியில் அவளே வந்து, உம்முடைய போர்வையை என்மேல் விரியும் என்று கேட்டபோது, தான் சொன்ன வாழ்த்துக்குத் தானே பதிலாக வேண்டியதாயிற்று. அந்தக் குடும்பத்தில்தான் தாவீது பிறந்தான்.

யாக்கோபின் நிருபம் இதையே மறுபுறம் நின்று சொல்கிறது. துணியும் சோறும் இல்லாதவனிடம், குளிர் காய்ந்து வயிறாரச் சாப்பிடு என்று வாழ்த்தி அனுப்பினால் என்ன பிரயோஜனம் என்று கேட்கிறது. எங்கள் சபையில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். நர்சிங் படிக்கவோ, வேலைக்கோ வெளியூர் போகிற பிள்ளையை ஆராதனை முடிவில் முன்னால் வரச் சொல்லி எல்லோரும் ஜெபிப்போம். அப்புறம் பெண்கள் ஐக்கியத்தில் ஒரு மூத்த அம்மா கூட்டத்தைச் சுற்றிவருவார். முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், ஒவ்வொருவர் முன்னாலும் நிற்பார். ஆமென் சொன்ன வாய்க்கெல்லாம் பஸ் செலவுக்கும் போர்வைக்கும் பணம் போட வேண்டும். அந்த அம்மா முந்தானையோடு வருவது தெரிந்ததால், எங்கள் ஜெபம் கொஞ்சம் சுருக்கமாகவும் உண்மையாகவும் ஆகியிருக்கிறது.

மலைமேல் நிற்கிறவள்

பிடித்தவரை வாழ்த்துவது பெரிய காரியம் இல்லை. சபிக்கிறவர்களை ஆசீர்வதிக்கச் சொன்னார் இயேசு. பவுலும் ரோமருக்கு எழுதும்போது அதையே திருப்பிச் சொன்னார். வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில் மண்ணை வாரித் தூற்றுகிற ஊர் நமது. நமக்கு இது கஷ்டமான பாடம்.

லோயர் கேம்ப்பிலிருந்து தலை நிமிர்ந்து பார்த்தால் மங்கலதேவி மலை. சித்திரைப் பௌர்ணமி அன்று பளியங்குடி வழியாக ஜனங்கள் காட்டுக்குள் ஏறிப் போய்க் கண்ணகியைக் கும்பிட்டு வருகிறார்கள். நான் கும்பிடுகிற தெய்வம் வேறு. ஆனால் இளங்கோ அடிகளின் கதையைப் படிக்காத தமிழன் உண்டா? கணவனைக் கொன்ற ஊரை எரித்தவள் வைகைக் கரையோடு நடந்து மேற்கே மலைக்கு வந்தாள். நாம் எல்லோரும் அந்தத் தீயோடு கதையை நிறுத்திவிடுகிறோம். வஞ்சிக் காண்டத்தில் வாழ்த்துக் காதை என்று ஒன்று இருக்கிறது. அதில் அவள் சேரன் செங்குட்டுவன் முன் தோன்றி, பாண்டியன்மேல் குற்றம் இல்லை, நான் அவன் மகள் என்கிறாள். யார் வாயால் ஒரு நகரம் எரிந்ததோ, அவள் வாயாலேயே அந்த அரசனுக்கு மன்னிப்பும் உறவும். ஒரே வாயிலிருந்து துதியும் சாபமும் வரலாகாது என்கிற யாக்கோபு நிருபத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த மலை ஞாபகத்துக்கு வருகிறது.

2011 டிசம்பரை உங்களில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பென்னிகுக் கட்டிய அணை விஷயத்தில் கேரளாவோடு தகராறு முற்றி, குமுளிப் பாதை அடைபட்டது. ஆயிரக்கணக்கில் ஜனம் எல்லையை நோக்கிப் போனது, போலீஸ் தடுத்தது. மலையில் வேலை பார்த்த நம் சனங்கள் பயந்து இறங்கி வந்தார்கள். அந்த நாட்களில் எங்கள் தெருவில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம். ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற ஒரு அம்மாவும் வந்திருந்தார். ஜீப் ஓடாததால் கூலி நின்று போயிருந்தது. அவர் ஜெபிக்கும்போது, எல்லை தாண்டி இருக்கிற தோட்டத்து முதலாளி வீட்டுப் பிள்ளைகளும் பயமில்லாமல் தூங்க வேண்டும், அந்த வீட்டுக்கு ஒரு பொல்லாப்பும் வரக்கூடாது என்று கேட்டார். கதவருகில் நின்ற ஒரு பையனுக்குப் பொறுக்கவில்லை. "என்ன அத்தை, நம்ம தண்ணியை நிறுத்தணும்ங்கிறவனுக்கா ஜெபம்?" என்றான். அந்த அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "தண்ணி நம்மளுதுதான்ப்பா. அதை விட்டுக் குடுன்னு நானா சொன்னேன்? அதுக்காக அவன் பிள்ளை நாசமாப் போகணுமா?"

ஆசீர்வாதம் என்றால் உரிமையை விட்டுக்கொடுப்பது என்று யாராவது சொன்னால் இந்த அம்மாவின் பதிலைச் சொல்லுங்கள். வழக்கு வழக்காக நடந்தது. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் அணையில் 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்று தீர்ப்பும் சொன்னது. ஜீப்புகள் அதற்கு முன்பே மலையேறத் தொடங்கிவிட்டன. உரிமையைக் கோர்ட்டில் கேட்கலாம், தெருவில் நின்றும் கேட்கலாம். எதிராளியின் வீடு விளங்கக் கூடாது என்று மட்டும் கேட்க நமக்கு அனுமதி இல்லை.

எப்படிச் சொல்வது?

சில நடைமுறைகள். முதலாவது, பெயர் சொல்லுங்கள். காலையில் பூப்படம் போட்ட வசனத்தை வாட்ஸ்அப்பில் நூறு பேருக்குத் தட்டி விடுவது தப்பில்லை. ஆனால் அது யாருக்கும் தனியாகச் சொன்னது இல்லை என்று வாங்குகிறவர்களுக்குத் தெரியும். நூறில் ஒருவருக்கு போன் போட்டு, "உன்னை நினைச்சேன்ப்பா, நல்லா இருக்கணும்" என்று சொல்லுங்கள்.

இரண்டாவது, அவர்கள் வேலையைச் சேர்த்துச் சொல்லுங்கள். டிரைவருக்குப் பாதை, கர்ப்பிணிக்குப் பிரசவம், விவசாயிக்கு விலை, மாணவனுக்குத் தெளிவு. பொதுவாகச் சொன்னால் பொதுவாகவே போய்விடும்.

மூன்றாவது, எதிரே நிற்கிறவர் வேறு மதத்தவர் என்றால் அவருக்குக் கூச்சம் வராத மாதிரி பேசுங்கள். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகிற வண்டிகள் நம் வாசல் வழியாகத்தான் ஏறுகின்றன. டீக்கடையில் நிற்கிற சாமியிடம், "மலைப்பாதையில நல்லபடியாப் போய்ட்டு வாங்க சாமி" என்று சொல்வதற்கு எந்த விசுவாசமும் குறைந்து போகாது. மனதுக்குள் ஜெபம் நம் ஆண்டவரிடம் போகட்டும்.

நான்காவது, எடுபடவில்லையே என்று சோராதீர்கள். எந்த வீட்டுக்குள் போனாலும் முதலில் சமாதானம் சொல்லும்படி இயேசு சீஷர்களை அனுப்பினார். அந்த வீட்டுக்கு அது பொருந்தாமல் போனால் உங்களிடமே திரும்பி வரும் என்றும் சொல்லி அனுப்பினார். நஷ்டக் கணக்கே கிடையாது.

பெரியவர்களுக்கும் வேண்டும்

சிறியவன் பெரியவனால் ஆசீர்வதிக்கப்படுகிறான் என்று எபிரெயர் நிருபத்தில் இருக்கிறதே, சின்னவர்கள் நாங்கள் எப்படிப் பெரியவர்களை ஆசீர்வதிப்பது என்று ஒரு வாலிபர் கூட்டத்தில் கேட்டார்கள். நல்ல கேள்வி. மெல்கிசேதேக்கு ஆபிரகாமை ஆசீர்வதித்ததைப் பற்றி, அவனுடைய ஆசாரியத்துவம் எவ்வளவு மேலானது என்று காட்டுவதற்காகச் சொன்ன வார்த்தை அது. வீட்டிலும் வயலிலும் யார் வாய் திறக்கலாம் என்பதற்கு வரிசை போடவில்லை. போவாஸின் வயலில் கூலியாட்கள் முதலாளிக்குப் பதில் வாழ்த்துச் சொன்னார்களே, அவர்கள் என்ன பெரியவர்களா?

வயதானவர்களின் வீட்டுக்குள் வருகிற பேச்சைக் கொஞ்சம் கவனியுங்கள். மாத்திரை போட்டாச்சா, பென்ஷன் வந்துச்சா, ஏன் விளக்கை அணைக்கல, ஏன் சத்தமாப் பேசுற? எல்லாமே கேள்வி. நாங்கள் வாழ்த்திக்கொண்டே இருக்க வேண்டியவர்கள் என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். விசேஷ வீட்டில் வரிசையாக வந்து தலையைக் குனிந்து ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு சாப்பாட்டுப் பந்திக்கு ஓடுகிறீர்கள். எங்களுக்கு யார் சொல்வது? கண் ஆபரேஷனுக்குப் போகிற தாத்தாவுக்கும் பயம் உண்டு. துணையை இழந்த பாட்டிக்கு ராத்திரி நீளம்.

அதனால் நாளைக்குக் காலையில் வேலைக்கோ காலேஜுக்கோ கிளம்பும்போது, வாசலில் உட்கார்ந்திருக்கிற பெரியவரிடம் நின்று, கையைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவர் உங்களுக்கு நல்ல சுகம் தரணும் தாத்தா, சாயங்காலம் வந்து பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி சாயங்காலம் வந்தும் பாருங்கள். அதற்குள் பஸ் போய்விடும் என்று பயப்படாதீர்கள். குமுளி ரோட்டில் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை.